கைத்தொலைபேசியை வேண்டாம் என்ற இன்டெல்: கிரான் கடையில் இருந்து ஒரு பார்வை

கிரான் சந்தியில் கைத்தொலைபேசி விற்கும் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். முப்பதாயிரம் ரூபாய்க்கும் போன் இருக்கும், இரண்டு இலட்சத்துக்கும் இருக்கும். விலை குறைந்தவற்றின் உள்ளே பெரும்பாலும் தாய்வானின் மீடியாடெக் அல்லது சீனாவின் யுனிசொக் நிறுவனத்தின் சில்லு. விலை கூடியவற்றில் அமெரிக்காவின் குவால்கொம். ஐபோன் என்றால் அப்பிளின் சொந்தச் சில்லு. இவற்றில் ஒன்றில்கூட இன்டெல் புரொசெசர் இல்லை. கொழும்பிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. இன்று புதிதாக விற்பனைக்கு வரும் எந்த ஸ்மார்ட்போனிலும் அது கிடையாது.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் கணினி என்றாலே இன்டெல்தான். 1981இல் ஐ.பி.எம். தனது தனியாள் கணினிக்கு இன்டெல்லின் 8088 சில்லைத் தெரிவு செய்தது. அன்றிலிருந்து விண்டோஸும் இன்டெல்லும் கைகோத்து உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டன. 2005 முதல் அரசாங்கம் ஊர்தோறும் ‘நெனசல’ அறிவகங்களைத் திறந்தபோது, முதன்முதலாகக் கணினியைத் தொட்ட எமது பிள்ளைகள் பலர் கண்டதும் அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்த நீல நிற ‘இன்டெல் இன்சைட்’ ஒட்டியைத்தான்.

அந்த நிறுவனத்தின் பத்து வீதப் பங்கை 2025 ஓகஸ்டில் அமெரிக்க அரசாங்கமே வாங்க வேண்டி வந்தது. 2024ஆம் ஆண்டில் மட்டும் இன்டெல்லின் நட்டம் 18 பில்லியன் டொலரைத் தாண்டியது. அதே ஆண்டு ஓகஸ்டில் 15,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்து, பங்குதாரர்களுக்கான இலாபப் பங்கையும் நிறுத்தியது. நவம்பரில் டவ் ஜோன்ஸ் சுட்டியில் இருந்து அது நீக்கப்பட்டு அந்த இடம் என்விடியாவுக்குக் கொடுக்கப்பட்டது. டிசெம்பரில் பிரதம நிறைவேற்று அதிகாரி பட் கெல்சிங்கர் வெளியேறினார். 2025 மார்ச்சில் மலேசியாவில் பிறந்த லிப்-பூ டான் அப்பதவிக்கு வந்தார். ஓகஸ்டில் ஜனாதிபதி ட்ரம்ப் அவரைப் பதவி விலகச் சொன்னார். இரண்டு வாரங்கள் கழித்து அதே ட்ரம்ப், 8.9 பில்லியன் டொலருக்கு இன்டெல் பங்குகளை அரசு எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஏற்கனவே மானியமாகத் தருவதாகச் சொல்லியிருந்த பணம்.

இந்தச் சரிவுக்குச் செயற்கை நுண்ணறிவையும் என்விடியாவையும் காரணம் காட்டுவதே இப்போதைய வழக்கம். அது பிந்திய அத்தியாயம். நோய் அதற்கு முன்பே, கைத்தொலைபேசியில் தொடங்கிவிட்டது.

வேண்டாம் என்று சொன்ன கணக்கு

இன்டெல்லிடம் கைத்தொலைபேசிச் சில்லு இருக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருந்தது. ‘எக்ஸ்ஸ்கேல்’ என்ற பெயரில், பிரித்தானியாவின் ஆர்ம் நிறுவனத்தின் வடிவமைப்பைப் பின்பற்றிய சில்லுகளை அது தயாரித்து விற்றுக்கொண்டிருந்தது. 2006இல் அந்தப் பிரிவை 600 மில்லியன் டொலருக்கு மார்வெல் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஐபோன் அறிமுகமானது 2007 ஜனவரியில். இடையில் ஓராண்டுகூட இல்லை.

அந்த ஐபோனுக்கான சில்லைத் தயாரிக்கும் வாய்ப்பு முதலில் இன்டெல்லின் கதவைத்தான் தட்டியது. அன்றைய தலைவர் போல் ஒட்டலினி 2013இல் பதவி விலகும் வேளையில் ‘த அட்லாண்டிக்’ சஞ்சிகைக்கு அளித்த பேட்டியில் இதை வெளிப்படையாகச் சொன்னார். அப்பிள் கொடுக்க விரும்பிய விலை, சில்லொன்றின் எதிர்பார்க்கப்பட்ட உற்பத்திச் செலவை விடக் குறைவாக இருந்தது. எண்ணிக்கையால் அதை ஈடுசெய்யலாம் என்றும் அப்போது தோன்றவில்லை. பின்னர் பார்த்தால் செலவுக் கணிப்பும் பிழை, எண்ணிக்கையோ யாரும் நினைத்ததை விட நூறு மடங்கு. தன் உள்மனம் சம்மதிக்கச் சொன்னதாகவும் அவர் அதில் கூறியிருக்கிறார்.

ஒட்டலினியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது என்பது என் கருத்து. கணினிச் சில்லொன்றை நூறு, இருநூறு டொலருக்கு விற்று, விலையில் பாதிக்கு மேல் மொத்த இலாபமாகப் பார்த்துப் பழகிய நிறுவனத்திடம் போய், பத்து இருபது டொலருக்குச் சில்லு செய்து தா என்றால் எந்தக் கணக்காளர் ஒப்புவார்? வாழைச்சேனையில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கும் வியாபாரத்தில் இறங்க மாட்டார். அவரது கணக்கின்படி அது சரியான முடிவுதான். ஆனால் ஊர் முழுக்கச் சைக்கிள்காரரிடமே வாங்கப் பழகிவிட்டால், நாளைக்கு விலையைத் தீர்மானிப்பவர் யார்?

மின்சாரம் இல்லாமலே ஓடிய சில்லு

மறுபக்கத்தில் இருந்த ஆர்ம் மிகச் சிறிய இடத்தில் இருந்து வந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகோர்ன் என்ற கணினி நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபேர்பர் ஆகிய இருவரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சில்லு 1985இல் வேலை செய்யத் தொடங்கியது. அதைச் சோதித்தபோது மின் இணைப்புச் சரியாகக் கொடுக்கப்படவில்லை என்பதைப் பின்னர்தான் கண்டார்களாம். மற்றப் பாகங்களில் இருந்து கசிந்து வந்த மின்சாரத்திலேயே சில்லு ஓடிக்கொண்டிருந்தது. குறைந்த மின்சாரம் என்பது அவர்களுடைய முதன்மை இலக்கு அல்ல. செலவைக் குறைக்க மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் அடக்க வேண்டும், அதற்குச் சூடு குறைய வேண்டும் என்பதே நோக்கம்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். மேசைக் கணினி இருந்தவர்களுக்கு அது வெறும் பெட்டி. கைத்தொலைபேசி மட்டும் ஒரு தடவை சார்ஜ் செய்தால் இரவு வரை தாங்கியது. ஒரு சில வாட் மின்சாரத்துக்குள் வேலையை முடிக்கும் புரொசெசருக்கும், அறுபது வாட்டுக்கு மேல் கேட்கும் புரொசெசருக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் பட்டறிவாகவே தெரியும்.

வியாபார முறையும் வேறு. ஆர்ம் ஒரு சில்லைக்கூடத் தன் பெயரில் தயாரித்து விற்றுப் பழகிய நிறுவனம் அல்ல. வடிவமைப்புக்கான உரிமத்தைக் கொடுத்து, விற்பனையாகும் ஒவ்வொரு சில்லுக்கும் சிறு தொகையை வாங்கிக்கொள்வதே அதன் தொழில். இதனால் குவால்கொம், சாம்சுங், மீடியாடெக், அப்பிள் என்று யார் வேண்டுமானாலும் உரிமம் வாங்கித் தமக்கேற்ற சில்லை உருவாக்கலாம். இன்டெல் வடிவமைப்பையும் வைத்துக்கொண்டது, தொழிற்சாலையையும் வைத்துக்கொண்டது. பல ஆண்டுகள் அதுவே அதன் பலமாக இருந்தது.

பணத்தைக் கொட்டியும் கிடைக்காத இடம்

தவறை உணர்ந்து இன்டெல் திரும்பி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் ‘அட்டொம்’ சில்லுடன் வந்த முதலாவது ஸ்மார்ட்போன் எங்கே வெளியானது தெரியுமா? இந்தியாவில். 2012 ஏப்ரலில் லாவா நிறுவனம் ‘சோலோ எக்ஸ்900’ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஏசுஸ் ‘சென்ஃபோன்’ வரிசையிலும் இன்டெல் இருந்தது. போன் மோசமில்லை. ஆனால் அன்ட்ரொய்ட் செயலிகள் பலவும் ஆர்ம் சில்லுக்குப் புரியும் கட்டளைகளில் எழுதப்பட்டிருந்தன. இன்டெல் சில்லு அவற்றை மொழிபெயர்த்து மொழிபெயர்த்தே ஓட்ட வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் நேரம் போகும், பற்றரியும் போகும்.

டெப்லட் தயாரிப்பாளர்களுக்குக் காசு கொடுத்துத் தன் சில்லைப் பயன்படுத்தச் செய்யும் நிலைக்கும் இன்டெல் வந்தது. கைத்தொலைபேசிப் பிரிவின் நட்டம் 2013இல் 3 பில்லியன் டொலருக்கு மேல், 2014இல் 4 பில்லியனுக்கு மேல். 2016 ஏப்ரலில் 12,000 ஊழியர்களைக் குறைக்கும் அறிவிப்போடு, வரவிருந்த ஸ்மார்ட்போன் சில்லுகளையும் கைவிட்டது. எஞ்சியிருந்த மோடம் பிரிவையும் 2019இல் அப்பிளுக்கு 1 பில்லியன் டொலருக்கு விற்றது. அத்துடன் அந்தக் கதை முடிந்தது.

ஆனால் இன்டெல் இழந்தது கைத்தொலைபேசிச் சந்தையை மட்டும் என்றால், அது இன்றும் வசதியான நிறுவனமாகவே இருந்திருக்கும். கணினியும் சேர்வரும் கையில் இருந்தன. 2021இல்கூட அதன் வருமானம் 79 பில்லியன் டொலர். அது உண்மையில் இழந்தது தொழிற்சாலைப் போட்டியை. அந்தப் போட்டிக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு.

சில்லுத் தொழிற்சாலையொன்றைக் கட்ட இன்று பல பில்லியன் டொலர் வேண்டும். அந்தச் செலவை எத்தனை சில்லுகள் மீது பகிர்கிறோம் என்பதில்தான் பிழைப்பே இருக்கிறது. அதோடு, ஒரு புதிய தயாரிப்பு முறையில் எவ்வளவு அதிகமாகச் செய்கிறோமோ அவ்வளவு வேகமாகப் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்படும். உலகெங்கும் ஆண்டுக்கு நூறு கோடிக்கு மேல் ஸ்மார்ட்போன்கள் விற்கத் தொடங்கியபோது, அவற்றின் சில்லுகளில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது தாய்வானின் ரி.எஸ்.எம்.சி. நிறுவனத்துக்கு. மொரிஸ் சாங் 1987இல் தொடங்கிய இந்நிறுவனம் சொந்தமாக எதையும் வடிவமைப்பதில்லை. மற்றவர்களுக்குச் செய்து கொடுப்பதுதான் தொழில். 2014இல் ஐபோன் 6இன் சில்லு அங்கே போனது. ஒவ்வொரு ஆண்டும் செப்டெம்பரில் புதிய ஐபோன் வரும், ஒவ்வொரு ஆண்டும் அதற்குரிய கோடிக்கணக்கான சில்லுகளும் தயாராக வேண்டும். இந்த நெருக்கடியே ரி.எஸ்.எம்.சியை ஓட வைத்தது.

இன்டெல்லோ தனது 10 நனோமீற்றர் முறையில் சிக்கிக்கொண்டது. 2016 அளவில் வந்திருக்க வேண்டியது, பெருமளவு உற்பத்திக்கு வந்தபோது 2019. ரி.எஸ்.எம்.சி. அதற்கு நிகரான 7 நனோமீற்றர் முறையில் 2018இலேயே ஐபோன் சில்லுகளைக் கோடிக்கணக்கில் செய்துகொண்டிருந்தது.

அடுத்து நடந்தது இன்டெல்லின் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அதன் பழைய போட்டியாளரான ஏ.எம்.டி. 2009இலேயே தனது தொழிற்சாலைகளைப் பிரித்து விட்டிருந்தது. அப்போது அதைத் தோல்வியின் அடையாளமாகப் பார்த்தார்கள். 2019இல் அதே ஏ.எம்.டி. தாய்வானின் 7 நனோமீற்றர் முறையில் கணினிச் சில்லுகளைச் செய்து கொண்டுவந்தபோது இன்டெல்லிடம் பதில் இருக்கவில்லை. 2020 நவம்பரில் அப்பிள் தனது எம்1 சில்லுடன் மெக்புக்கை வெளியிட்டது. அதன் எயார் மாதிரியில் மின்விசிறியே கிடையாது. 2006இல் இன்டெல்லுக்கு மாறிய அப்பிள், போனுக்குச் செய்து பழகிய சில்லையே கணினிக்கும் வளர்த்துக்கொண்டு இன்டெல்லை விட்டுப் போனது. சேர்வர்களிலும் அமேசன் 2018 முதல் ஆர்ம் வடிவமைப்பில் சொந்தச் சில்லுகளைப் பயன்படுத்துகிறது, பின்னர் மைக்ரோசொப்ட்டும் கூகிளும் அதே வழியில் வந்தன. 2024 ஜூனில் குவால்கொம் சில்லுடன் விண்டோஸ் லெப்டொப்புகள் வரிசையாக வந்தன. (2012இல் மைக்ரோசொப்ட் ஆர்ம் சில்லுடன் விட்ட ‘சேர்ஃபேஸ் ஆர்டி’ விற்காமல் கிடந்து, 900 மில்லியன் டொலரை நட்டக் கணக்கில் எழுத நேர்ந்தது. எல்லா முயற்சியும் முதல் தடவையே பலிப்பதில்லை.)

இலாபம் குறைவு என்று விட்டுவிட்ட வியாபாரம்தான் போட்டியாளரின் தொழிற்சாலைக்குப் பணம் கொடுத்தது. அந்தத் தொழிற்சாலையில் இருந்து புறப்பட்ட சில்லுதான் இலாபம் கூடிய வியாபாரத்தையும் கொண்டுபோகிறது.

எமக்கு வந்ததும் வராததும்

2007 ஜூன் 29இல் முதலாவது ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு நாட்கள் கழித்து, ஜூலை 11ஆம் திகதி, கிரான் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள குடும்பிமலையைக் கைப்பற்றியதாக அரசாங்கம் அறிவித்தது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்திருந்த ஆண்டு அது. கலிபோர்னியாவில் யார் எந்தச் சில்லை வேண்டாம் என்றார்கள் என்பதை இங்கே யாரும் கவனித்திருக்க முடியாது. ஆனால் சனம் ஊர் திரும்பிய பின்னர் அவர்களைத் தேடி வந்த கணினி, இன்டெல்லின் மேசைக் கணினி அல்ல, கையடக்கமான போன்தான்.

புள்ளிவிபரமும் அதையே சொல்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கின்படி 2020 அளவில் நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில்தான் மேசைக் கணினியோ மடிகணினியோ இருந்தது. கிழக்கில் அதைவிடக் குறைவு. அந்த ஆண்டு மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதும் பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. ஒரு வீட்டில் ஒரு போன், அதில் மூன்று பிள்ளைகளுக்குப் பாடம், அதுவும் அப்பா வேலையால் வந்த பிறகு. மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து படகில் போய்வரும் நாட்களில், அக்கரையில் இருப்பவர்களுக்குச் செய்தி சொல்வதும் அதே போன்தான்.

ஆகவே இன்டெல்லின் வீழ்ச்சியால் எமக்கு என்ன என்று கேட்டால், ஒரு வகையில் நன்மை நடந்து முடிந்துவிட்டது. இன்டெல் கேட்ட விலையில் கணினி கிரானுக்கு வந்திருக்காது. ஆர்ம் உரிமமும், மீடியாடெக் போன்றவர்களின் மலிவான சில்லும் சேர்ந்ததால்தான் முப்பதாயிரம் ரூபாய் போன் சாத்தியமானது. 2024 ஜனவரியில் கைத்தொலைபேசிக்கும் 18 வீத பெறுமதி சேர் வரியைப் போட்டபோது அரசாங்கம் கை வைத்தது ஆடம்பரப் பொருளில் அல்ல, பல வீடுகளில் இருக்கும் ஒரேயொரு கணினியில்.

மறுபக்கமும் உண்டு. க.பொ.த உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைக்குப் பாடத்திட்டத்தில் பைதன் நிரலாக்கம் இருக்கிறது, தரவுத்தளம் இருக்கிறது. ஆறு அங்குலத் திரையில் விரலால் தட்டி நிரல் எழுதிப் பழகுவது எவ்வளவு சிரமம் என்பதை ஒருநாள் முயன்றால் தெரியும். போன் பார்ப்பதற்கும் பேசுவதற்கும் செய்யப்பட்டது. இருந்து வேலை செய்ய விசைப்பலகையும் பெரிய திரையும் வேண்டும். மலிவுப் புரட்சி போனோடு நின்றுவிட்டது, மடிகணினிக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்தே 2012இல் 35 டொலர் விலையில் ராஸ்பெரி பை என்ற ஆர்ம் கணினி வந்தது. 2020இல் விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியையும் வைத்து 70 டொலருக்குக் கொடுத்தார்கள். வீட்டில் இருக்கும் தொலைக்காட்சியில் இணைத்தால் போதும். எமது பாடசாலைக் கணினி அறைகளுக்கு இதைப் பற்றி யாரும் தீவிரமாக யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒருவரின் ஆதிக்கம் போனதால் ஆதிக்கமே ஒழிந்துவிட்டது என்றும் மகிழ முடியாது. இன்று மிக முன்னேறிய சில்லுகளில் பெரும்பகுதி தாய்வான் என்ற ஒரே தீவில் தயாராகிறது. சீனா அதைத் தன் நிலம் என்கிறது. அமெரிக்கா இன்டெல்லில் பங்கு வாங்கியதன் காரணமும் இதுதான். ஆர்ம் நிறுவனத்தை 2016இல் யப்பானின் சொப்ட்பாங்க் 32 பில்லியன் டொலருக்கு வாங்கியது. உரிமக் கட்டணத்தைக் கூட்டும் அழுத்தமும், வாடிக்கையாளரான குவால்கொம்முடன் நீதிமன்ற வழக்கும் அதன் பின்னர் வந்தவை.

இதற்கு மாற்று வழியைத் தேடியவர்களில் சென்னைக்காரர்களும் உண்டு. யாருக்கும் உரிமக் கட்டணம் செலுத்தத் தேவையில்லாத ‘ரிஸ்க்-ஐந்து’ என்ற திறந்த கட்டளைத் தொகுதியைக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டியில் பேராசிரியர் காமகோடியின் குழு ‘சக்தி’ புரொசெசரை உருவாக்கியது. 2018இல் அதன் மாதிரிச் சில்லுகளை 22 நனோமீற்றர் முறையில் தயாரித்துக் கொடுத்தது யார் என்றால், இன்டெல். அமெரிக்காவின் ஒரிகன் தொழிற்சாலையில். பிறருக்குச் செய்து கொடுக்கும் தொழிலை ரி.எஸ்.எம்.சி. போலத் தானும் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று இன்டெல் இப்போது படும் பாட்டைப் பார்க்கும்போது அந்தச் சிறு தகவல் நினைவுக்கு வருகிறது. அரிசோனாவில் அதன் புதிய 18ஏ முறைக்கான ஆலை 2025இல் இயங்கத் தொடங்கியிருக்கிறது. என்விடியாவும் 5 பில்லியன் டொலர் முதலிட ஒப்புக்கொண்டது. ஆனால் அப்பிள், குவால்கொம் அளவில் ஒரு பெரிய வாடிக்கையாளர் தமது முக்கியச் சில்லை நம்பி ஒப்படைக்கும் வரை ஆலையின் செலவை இன்டெல் தனியேதான் சுமக்க வேண்டும்.

இன்டெல் செத்துவிட்டது என்று எழுதுபவர்களை நான் நம்பவில்லை. உலகின் விண்டோஸ் கணினிகளில் பெரும்பான்மை இன்றும் அதன் சில்லில்தான் ஓடுகின்றன. கிரான் பக்கம் அது இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது என்றும் சொல்லலாம். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட லெப்டொப்புகள் பாவித்த பொருளாக மட்டக்களப்புக் கடைகளுக்கு வருகின்றன. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய சில்லுகளை ஏற்பதில்லை. அதனால் இன்னும் கொஞ்சக் காலத்துக்கு ஆறாம், ஏழாம் தலைமுறை மடிகணினிகள் மலிவாகக் குவியும். உயர்தரப் பிள்ளைக்காக வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் ‘ஐ5’ என்று மட்டும் கேட்டுத் திருப்திப்பட வேண்டாம். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை, 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. ஏழாக இருந்தாலும் லினக்ஸ் போட்டுப் பைதன் படிக்கத் தாராளமாகப் போதும், ஆனால் எட்டுக்குரிய விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.